அக்கரையுடையோர்

பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் பொன்னிற எழுத்தில் 'கிழக்கின் நாளை'.
கரண்ட் போய்ப் போய் வந்த இரவுகளில்
உட்துறைமுக வீதி மாடியறையில் இருந்து
நாளையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கம் ஒன்பதில்
முதலில் 'பங்குதாரர்' என்று எழுதினேன்.
பங்கு என்று ஒரு சல்லி இல்லாதவர்களை
அப்படி எழுதக் கை கூசிற்று.
'அக்கறையுடையோர்' என்று மாற்றினேன்.
விரல் சறுக்கி றகரம் ரகரமாகி
'அக்கரையுடையோர்' என்று விழுந்தது.
திருத்தாமல் கொஞ்சநேரம் பார்த்திருந்தேன்.
யன்னலுக்கு வெளியே
கொட்டியாரக் குடாவின் மற்றக் கரையில்
எண்ணிவிடக்கூடிய வெளிச்சங்கள்.

பக்கம் நாற்பத்தொன்று, வரைபடம்.
ஊதா கைத்தொழில். மஞ்சள் உல்லாசப் பயணம்.
பச்சை, பச்சை அல்ல: சூரிய மின்தகடு.
சாம்பல், ஒன்றுமில்லாத நிலம்.
ஒன்றுமில்லாததற்குத் தமிழில் சொல்லா இல்லை?
தரிசு என்றால் ஒருகாலம் உழுதவன் இருந்திருக்க வேண்டும்.
பாழ் என்றால் பாழாக்கியவன்.
வெளி என்றால் அதில் மாடு நிற்கும்.
கடைசியில் 'வெற்று நிலம்' என்று போட்டேன்.
அது ஒருவரையும் காட்டிக்கொடுக்காது.

சனிக்கிழமை மருதஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில்
கருத்தறியும் கூட்டம்.
ஆளுக்கொரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட்.
கொழும்பிலிருந்து வந்தவரின் கையில்
சிவப்பு ஒளி உமிழும் பேனை.
சாம்பலின் மேல் அந்தப் புள்ளி ஊர்ந்தபோது
மூன்றாம் வாங்கிலிருந்து தவமலர் எழும்பினா.
'ஐயா, அதைக் கொஞ்சம் தெற்கால விடுங்கோ.
இன்னும் கொஞ்சம்.
ஆ, அதில நிப்பாட்டுங்கோ.
அது எங்கட கிணறு.
ஓடேக்க வாளி உள்ளுக்க விழுந்தது.
வரேக்க முள்ளுக்கம்பி அடிச்சிருந்தது.
கம்பியைக் கழட்டி எட்டு வருசம்,
இப்ப தண்ணி நல்லம்.
அது என்ன நிறம் ஐயா?'

புள்ளி அணைந்தது.

பின்னால் வலைக்கார முபாரிஸ்
கையை உயர்த்தவில்லை, இருந்தபடியே கேட்டார்:
'முப்பதாயிரம் வேலை எண்டு போட்டிருக்கு.
நான் இப்ப செய்யிற வேலை
அதில சேத்தா, கழிச்சா?'

மொழிபெயர்த்துச் சொன்னேன்.
மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் அதைப் பகிடியாக மொழிபெயர்க்கவில்லை.
'நல்ல கேள்வி' என்றார் ஒருவர், குறித்துக்கொண்டார்.
குறித்தது எந்தத் தாளில் என்று
கழுத்தை நீட்டிப் பார்த்தேன்,
பிஸ்கட் பெட்டியின் மூடியில்.

இதையும் சொல்ல வேண்டும்:
இணைப்பு ஏழு, 'மக்களின் கருத்துகள்',
என் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.
கூட்டத்துக்கு நாலு நாள் முந்தி.
'பிரதேச மக்கள் திட்டத்தைப் பெரிதும் வரவேற்றனர்.'
அரைப் பக்கம். முன்னூறு ரூபாய்.
நான் அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்து,
காசை வாங்கி,
மோட்டார்சைக்கிள் தவணையும் கட்டிவிட்டேன்.
முப்பதாயிரம் வேலையில்
முதலாவது வேலை எனக்குக் கிடைத்தது.

திரும்பி வரும்போது
கிண்ணியாப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது.
தூண்டில் போட்ட பொடியன்கள்
கைப்பிடிச் சுவரில் வரிசையாக.
ஒருவன் இழுத்தான், ஒன்றும் இல்லை,
இரையை மாற்றிக்கொண்டு திரும்பவும் எறிந்தான்.
கழிச்சா? கழிச்சா? என்று
எஞ்சின் கேட்டுக்கொண்டே வந்தது.

இன்றிரவு கடைசித் திருத்தம்.
கால்புள்ளி, பந்தி எண், அட்டவணை
எல்லாம் ஒழுங்கு பார்த்தாயிற்று.
'வெற்று' என்பதை அடித்து
'கிணறுள்ள' என்று எழுதி
மறுபடி அழித்து 'வெற்று' என்றே விட்டேன்.
அவ்வளவுதான் என் துணிச்சல்.

ஆனால் பக்கம் ஒன்பதில்
அந்த ரகரம் கிடக்கட்டும்.
கண்டுபிடித்தால்
காசை வெட்டட்டும்.